பசியாற நேரமில்லையா? ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்!



இன்று காலை நீங்கள் எத்தனை மணிக்குப் பசியாறினீர்கள்? பதில் சொல்லுமுன் சற்றே எண்ணிப் பாருங்கள்.

சுபுஹுத் தொழுகைக்கு எழுந்தீர்கள். தொழுது முடித்த கையோடு அடுப்பைப் பற்றவைத்து ஒரு கோப்பை தேநீர் அருந்தினீர்கள். துணைக்கு ஒரு பொறை, அல்லது இரண்டு பிஸ்கட். அதன்பின் இடியாப்பம் அவிப்பது, ஆணம் கூட்டுவது, பிள்ளைகளை எழுப்பிக் குளிக்க அனுப்புவது, மதியச் சோற்றைப் பாத்திரத்தில் அடைப்பது, மாமனாருக்கு வெந்நீர், கணவருக்குச் சட்டை என்று கால்கள் நிற்கவில்லை. எட்டே முக்காலுக்கு வீடு அடங்கியது. அந்நேரத்தில் பசி இருந்த சுவடே தெரியவில்லை. எனவே இன்னொரு கோப்பை தேநீர். துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்து அமர்ந்தபோது மணி 11. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்துப் போன ஆறிய இடியாப்பம்தான் உங்கள் முதல் கவளம்.

உண்மைதானே? இது ஏதோ ஒரு வீட்டின் கதையன்று. நம் இல்லங்களில் பெரும்பாலானவற்றின் அன்றாடக் கதை. எல்லாரையும் பசியாற வைத்தவள் தான் பசியாறவில்லை என்பதை அவளும் கவனிப்பதில்லை, மற்றவரும் கேட்பதில்லை. இந்த ஒரு குறையை நீக்க, ஐந்து நிமிடத்தில் செய்யத்தக்க ஓர் எளிய வழியை இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன். ஒரு கைப்பிடிக் கீரை, ஒரு வாழைப்பழம், அரைக் கொய்யா, வீட்டில் இருக்கும் மிக்ஸி. இவை போதும்.

எங்கள் வீட்டில் நடந்தது

இந்தப் பானத்தை நான் தேடிப் போகவில்லை. ஒரு மருத்துவரின் கேள்வி என்னை இதனிடம் கொண்டுவந்து சேர்த்தது.

என் மூத்த மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் மாடியில் வகுப்பு. படியேறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லிவந்தாள். இரவில் கண் விழித்துக் கைப்பேசி பார்ப்பதால் வந்த சோர்வு என்று நான் கடிந்துகொண்டேன். இன்னொன்றையும் கண்டித்தேன். மாவு அரைக்க ஊறவைத்திருக்கும் அரிசியை அவள் அள்ளி அள்ளித் தின்பாள். சிறு பிள்ளை மாதிரி இது என்ன பழக்கம் என்று கையைத் தட்டிவிடுவேன். பச்சரிசி, பனிக்கட்டி, மண், சாம்பல் ஆகியவற்றின்மீது இப்படி ஆசை எழுவது இரும்புச் சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஒரு நாள் பேருந்து நிறுத்தத்தில் கண் இருண்டு உட்கார்ந்துவிட்டாள். மருத்துவரிடம் அழைத்துப் போனேன். இரத்தம் சோதித்ததில் ஹீமோகுளோபின் 8.6 என்று வந்தது. கருவுறாத பெண்களுக்கு அது 12க்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

"காலையில் என்ன சாப்பிடுகிறாய், மகளே?" என்று கேட்டார் மருத்துவர்.

"தேநீர்" என்றாள் மகள்.

அந்த அம்மையார் என் பக்கம் திரும்பி, "நீங்கள்?" என்றார். நான் பதில் சொல்லாமல் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என் கீழிமையைத் தாழ்த்திப் பார்த்துவிட்டு எனக்கும் ஒரு சோதனை எழுதிக் கொடுத்தார். என் கணக்கு 9.1. மகளை வைத்தியத்திற்கு அழைத்துப் போன நானும் நோயாளியாகவே திரும்பினேன். அவள் தேநீரோடு வகுப்புக்குப் போகும் பழக்கத்தை யாரைப் பார்த்துக் கற்றாள் என்று வீடு வரும்வரை எண்ணிக்கொண்டே வந்தேன்.

இருவருக்கும் இரும்பு மாத்திரை எழுதிய மருத்துவர் இரண்டு செய்திகளை வலியுறுத்தினார். மாத்திரையைத் தேநீரோடு விழுங்கக் கூடாது. காலை எட்டு மணிக்குள் ஏதேனும் வயிற்றுக்குள் போயாக வேண்டும். இடியாப்பம் வேகும்வரை காத்திருக்க எங்கள் இருவருக்குமே பொழுதில்லை. அப்படித்தான் எங்கள் சமையற்கட்டில் இந்தப் பச்சைப் பானம் தொடங்கியது.

ஏன் இதனைப் பெரிதாகச் சொல்கிறேன்?

2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தச் சோகை உடையவர்கள். நூற்றுக்கு 57 பேர்! பத்துப் பெண்கள் கூடியுள்ள ஒரு கல்யாண வீட்டு அறையில் ஐவர் அல்லது அறுவர். தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேற்பட்ட பெண்களின் நிலை இதுவே.

ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோடு இணைந்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ஆம் ஆண்டு வகுத்த அளவின்படி, வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்புச் சத்து தேவை. பெண்ணுக்கோ 29 மில்லிகிராம். மாதந்தோறும் இழக்கும் இரத்தத்தை அவள் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் ஈரல் ஆக்கினால் அது யார் தட்டுக்குப் போகிறது? கறியில் நல்ல துண்டு யாருக்கு? அதிகம் தேவைப்படுபவள் கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறாள். இறைச்சியில் உள்ள இரும்பே உடலில் எளிதாகச் சேரக்கூடியது என்பதை இங்கே நினைவில் கொள்ளுங்கள்.

காலை உணவின் அருமையை அரசாங்கமும் உணர்ந்திருக்கிறது. தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் காலை உணவு வழங்கும் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கப்பட்டு, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் விரிவுபடுத்தப்பட்டது. மகிழ்ச்சிக்குரிய செயல். ஆனால் ஆறாம் வகுப்புக்குப் போகும் பெண்பிள்ளைக்கும், அவளுடைய உம்மாவுக்கும் காலையில் தட்டு வைப்பவர் யார்? அதை நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

கீரையும் மிக்ஸியும்

கீரையையும் பழத்தையும் ஒன்றாக அரைத்துக் குடிப்பதை மேனாட்டார் 'ஸ்மூத்தி' என்பர். ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய விக்டோரியா பூட்டென்கோ என்ற பெண்மணி 2005ஆம் ஆண்டு இதுபற்றி ஒரு நூல் வெளியிட்ட பின்னர், பச்சை நிறத்து ஸ்மூத்தி அங்கே பெருவழக்காயிற்று. நமக்குக் கீரையை மசிப்பது புதிதன்று. மண்சட்டியில் வேகவைத்த கீரையை மத்தால் கடைந்து உண்டவர்கள் நம் முன்னோர். மத்து செய்த வேலையை இங்கே மிக்ஸி செய்கிறது. சோற்றுக்குப் பதிலாகப் பழம் சேர்கிறது.

மிக்ஸி நம் நாட்டுக்கு ஏற்றவாறு அமைந்ததும் ஒரு காலை நேரச் சமையற்கட்டுச் சங்கடத்தால்தான் என்று சொல்லலாம். மும்பையைச் சேர்ந்த பொறியாளர் சத்ய பிரகாஷ் மாத்தூரின் இல்லத்தில் இருந்த ஜெர்மானிய இயந்திரம் நம் ஊர் மாவையும் மசாலாவையும் அரைக்கமாட்டாமல் பழுதாயிற்று. அவருடைய துணைவியார் அதைச் சுட்டிக்காட்டவே, உறுதியான மோட்டார் உடைய இயந்திரத்தை அவர் வடிவமைத்தார். அதுவே 1960களில் 'சுமீத்' மிக்ஸியாக வெளிவந்தது. 2011ஆம் ஆண்டு தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை விலையின்றி வழங்கத் தொடங்கிய பிறகு, எளிய குடும்பங்களுக்கும் மிக்ஸி எட்டாத பொருளாக இல்லை. எனவே, இது வசதி படைத்தோருக்கான பானம் என்று எவரும் ஒதுக்க வேண்டியதில்லை.

கீரைக்குப் பழம் ஏன் துணை?

கீரையில் இரும்பு இருக்கிறது. ஆனால் செடி கொடிகளில் உள்ள இரும்பு நம் குடலில் எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. பெரும்பகுதி வந்த வழியே வெளியேறிவிடும். அதனோடு வைட்டமின் 'சி' சேரும்போது, அது உடல் ஏற்கும் வடிவத்திற்கு மாறி, கூடுதலாக உள்ளே செல்கிறது. 100 கிராம் கொய்யாப்பழத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் 'சி' உண்டு. அரைப் பழம் போதும். ஒரு நாளைய தேவைக்கு மேலேயே கிடைத்துவிடும். நெல்லிக்காய், எலுமிச்சை, சாத்துக்குடி ஆகியவையும் இவ்வேலையைச் செய்யும். கீரையும் பழமும் ஒரே குவளையில் சேரவேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இதற்கு நேர்மாறான வேலையைச் செய்வது தேநீர். அதிலுள்ள துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு உடலில் சேரவிடாது. காப்பியும் அப்படியே. சாப்பாட்டிற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தேநீரும் காப்பியும் வேண்டாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு நெறிமுறைகளில் கூறியுள்ளது. தேநீரை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நம் வீடுகளில் அது நடவாத காரியம். நேரத்தைச் சற்றுத் தள்ளிவையுங்கள் என்றே கேட்கிறேன்.

பாலும் இந்தப் பானத்தில் வேண்டாம். பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்து இரும்பு சேர்வதைக் குறைக்கும். பாலை மாலையில் தனியே அருந்துங்கள்.

செய்முறை

இருவருக்கான அளவு இது.

பாலக் கீரை: நன்றாக அமுக்கிய ஒரு பெரிய கைப்பிடி, ஏறத்தாழ 100 கிராம்
நன்கு பழுத்த வாழைப்பழம்: 2 (பூவன் அல்லது ரஸ்தாளி)
கொய்யாப்பழம்: நடுத்தரமான ஒன்று
எலுமிச்சம்பழம்: அரை மூடி
இஞ்சி: சுண்டுவிரல் நுனியளவு
ஊறவைத்த முந்திரி 6, அல்லது தேங்காய்த் துருவல் 2 மேசைக்கரண்டி
குளிர்ந்த குடிநீர்: ஒன்றரைக் குவளை
உப்பு: ஒரு சிட்டிகை

ஐந்து நிமிடத்தில் முடியவேண்டுமானால் முதல் நாள் மாலையே சிறிது வேலை செய்துவிட வேண்டும். கீரையை ஆய்ந்து, பழுத்த இலை, பூச்சி அரித்த இலை ஆகியவற்றை நீக்குங்கள். அகன்ற பாத்திரத்தில் நீரூற்றி உப்புப் போட்டுச் சற்று ஊறவிட்டு, பின்னர் ஓடும் நீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். மண் பாத்திரத்தின் அடியில் தங்கும். ஆகையால் நீரைக் கவிழ்த்து ஊற்றாமல் கீரையை மேலாக அள்ளி எடுங்கள். நீர் வடிந்ததும் உலர்ந்த துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். முந்திரியை இரவே ஊறப் போடுங்கள்.

காலையில் ஒரு பாத்திரத்தில் நீரைக் கொதிக்க வைத்துக் கீரையை அதில் ஒரு நிமிடம் மட்டும் அமிழ்த்தி எடுத்து, உடனே குளிர்ந்த நீரில் போடுங்கள். கொதித்த நீரைக் கொட்டிவிடுங்கள். பாலக், தண்டுக்கீரை, முருங்கை ஆகிய கீரைகளைப் பச்சையாக அரைக்காமல் இவ்வாறு ஒரு கொதி காட்டுவதில் இரண்டு நன்மைகள் உண்டு. கிருமிகள் பெரும்பாலும் அழியும். சிறுநீரகக் கல்லுக்குக் காரணமான ஆக்சலேட்டில் ஒரு பகுதி அந்நீரோடு போய்விடும். வைட்டமின் சிறிதளவு குறையும் என்பது மெய்யே. அதைக் கொய்யா ஈடுசெய்துவிடும்.

இப்போது மிக்ஸி. முதலில் கீரை, இஞ்சி, முந்திரி, அரைக் குவளை நீர் ஆகியவற்றை மட்டும் போட்டு நன்றாக அரையுங்கள். நார் தெரியாமல் மசிந்த பிறகே பழத்தைச் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் போட்டால் பழம் கூழாகிவிடும்; கீரை மட்டும் திப்பிதிப்பியாக நிற்கும். கொய்யாவின் நடுவிலுள்ள விதைப் பகுதியைக் கரண்டியால் எடுத்துவிட்டுச் சதையைப் போடுங்கள். வாழைப்பழம், எஞ்சிய நீர், உப்பு சேர்த்து அரை நிமிடம் ஓட்டுங்கள். ஜாடியில் முக்கால் பாகத்திற்கு மேல் நிரப்ப வேண்டாம். கடைசியில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து கலக்குங்கள். அது நிறம் கறுக்காமலும் காக்கும்.

வடிகட்டக் கூடாது. சர்க்கரை சேர்க்கக் கூடாது. கால் மணி நேரத்திற்குள் குடித்துவிட வேண்டும். நின்றுகொண்டே மடமடவென்று விழுங்காமல், அமர்ந்து, ஒவ்வொரு மிடறாக அருந்துங்கள்.

ஊருக்கும் பருவத்திற்கும் ஏற்ப

ஒரே சுவையை நாள்தோறும் குடித்தால் பத்தாம் நாள் சலித்துவிடும். கையில் கிடைப்பதைக் கொண்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

முருங்கையும் மாம்பழமும்: கொல்லையில் முருங்கை நிற்காத வீடு நம் ஊர்களில் அரிது. ஈர்க்கு நீக்கிய இலை ஒரு சிறு கைப்பிடி போதும், மிகுந்தால் கசக்கும். ஒரு கொதி காட்டி, கோடைக் காலத்தில் ஒரு மாம்பழத்தோடு அரையுங்கள். எலுமிச்சை சற்று அதிகம் பிழியுங்கள். இரும்போடு சுண்ணாம்புச் சத்தும் மிகுந்த கீரை இது.

தண்டுக்கீரையும் பப்பாளியும்: இளந்தளிர்களாகப் பார்த்துக் கொதி காட்டி, நன்கு பழுத்த பப்பாளி ஒரு கிண்ணம், நெல்லிக்காய் ஒன்று சேர்த்து அரையுங்கள். இதில் முந்திரி அல்லது தேங்காயை விட்டுவிட வேண்டாம். கீரையிலும் பப்பாளியிலும் உள்ள கரோட்டீன், கொழுப்பு சிறிது இருந்தால்தான் உடலில் சேரும். கண்ணுக்கு நல்லது என்று நாம் சொல்வது அதைத்தான்.

புதினாவும் அன்னாசியும்: பித்தம், வாய்க் கசப்பு உள்ள காலைகளுக்கு உகந்தது. புதினா, கொத்துமல்லி ஆகியவற்றை நன்கு கழுவி, கொதி காட்டாமலே போடலாம். இதில் கீரையின் அளவு குறைவு என்பதால் வாரத்தில் ஒரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கறிவேப்பிலையும் பேரீச்சம்பழமும்: இரண்டு ஈர்க்குக் கறிவேப்பிலை, ஊறவைத்த பேரீச்சம்பழம் மூன்று, நெல்லிக்காய் ஒன்று, வாழைப்பழம் ஒன்று. சுவை நன்றாக இருக்கும். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். பேரீச்சம்பழம் தின்றால் இரத்தம் ஊறிவிடும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது நார்ச்சத்தும் இனிப்பும் உடனடித் தெம்பும் தரும் அருமையான கனி. ஆயினும் இரண்டு மூன்று பழங்களில் கிடைக்கும் இரும்பு சொற்பமே. சோகை கண்ட பெண்ணுக்குப் பேரீச்சம்பழத்தை மட்டும் கொடுத்துவிட்டு மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் நேர்ந்த பிழைகள்

முதல் வாரம் நான் செய்தது குடிக்க முடியாதபடி இருந்தது. கீரை நல்லதுதானே என்று ஒரு கட்டு முழுவதையும் போட்டேன். இளைய மகன் முகர்ந்து பார்த்துவிட்டு, "உம்மா, இது ஆட்டுக்கு வைக்கிறதா?" என்று கேட்டான். பிறகு கீரையைக் குறைத்துப் பழத்தைக் கூட்டித் தொடங்கினேன். நா பழகப் பழகக் கீரையின் அளவை ஏற்றினேன்.

இரண்டாவது வாரம் திப்பி தட்டுகிறது என்று வடிகட்டினேன். வடிகட்டியில் தங்கியதைப் பார்த்தபோதுதான், வயிற்றை நிறைத்துப் பசி தாங்கச் செய்யும் நாரெல்லாம் குப்பைக்குப் போகிறது என்பது விளங்கியது.

மூன்றாவது பிழை பெரிது. பானத்தைக் குடித்த கையோடு வழக்கம்போலத் தேநீரையும் குடித்தோம்! கீரையும் கொய்யாவும் கூட்டியதைத் தேநீர் கழித்துக்கொண்டிருந்தது. மாத்திரைக்கும் அதே கதிதான். மறுமுறை போனபோது மருத்துவர் கேட்டதும் உண்மையைச் சொல்லித் தலைகுனிந்தேன். அன்று முதல் எங்கள் ஒழுங்கு இது: எழுந்தவுடன் ஒரு குவளை வெந்நீர், ஏழு மணிக்குப் பானம், எட்டரைக்குத் தேநீர்.

இது மருந்தன்று

இப்போது ஒரு கணக்கைச் சொல்கிறேன். இந்தப் பானத்தில் ஒருவருக்குச் சேரும் கீரை சுமார் 50 கிராம். அதில் உள்ள இரும்பு ஒன்றரை மில்லிகிராம் அளவே. நமக்கு வேண்டியதோ 29. ஆகவே பச்சைப் பானம் குடித்தால் இரத்தச் சோகை பறந்துவிடும் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படியானால் இதனால் பயன் என்ன? வெறும் வயிற்றோடு பகல் 11 மணிவரை உழைக்கும் வழக்கம் முறிகிறது. தேநீர் பிடித்திருந்த நேரத்தைக் கீரையும் பழமும் பிடித்துக்கொள்கின்றன. இரத்தம் உருவாகத் தேவைப்படும் ஃபோலேட் என்ற சத்து கிடைக்கிறது. மலச்சிக்கல் நீங்குகிறது; இரும்பு மாத்திரை உண்போருக்கு இது பெரும் ஆறுதல். இதனோடு ஓர் அவித்த முட்டையோ, ஒரு கிண்ணம் சுண்டலோ, முளைகட்டிய பயறோ சேர்த்துக்கொண்டால் முழுமையான பசியாறலாகும். வெறும் பானத்தில் புரதம் குறைவு.

கண்ணிமை வெளுத்திருந்தால், படியேற மூச்சு வாங்கினால், முடி கொத்தாக உதிர்ந்தால், அரிசி தின்னும் ஆசை இருந்தால் முதலில் இரத்தத்தைச் சோதியுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரும்பு மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது. சோகை அனைத்தும் இரும்புக் குறைவால் மட்டும் வருவதன்று. மாதவிலக்கில் மிகுந்த இரத்தப்போக்கு, குடற்புழு, பி12 குறைவு, தலசீமியா என்னும் பரம்பரைக் கோளாறு ஆகியவையும் காரணமாகலாம். குறிப்பாகச் சொந்தத்திற்குள்ளேயே மணம் முடிக்கும் குடும்பங்களில் தலசீமியாவை மறந்துவிடலாகாது. காரணம் அறியாமல் தாமாக மாத்திரை விழுங்குவது தவறு.

யாருக்கு ஆகாது?

சிறுநீரகக் கல் வந்தவர்கள் பாலக், தண்டுக்கீரை போன்றவற்றைத் தவிர்த்து மருத்துவரின் ஆலோசனை பெறுக. சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்குக் கீரை, வாழைப்பழம் இரண்டிலுமுள்ள பொட்டாசியம் ஆபத்தாகக்கூடும். அவர்கள் இதனைத் தொடவே வேண்டாம். இதய நோய்க்காக இரத்தம் உறையாதிருக்கும் மாத்திரை உண்பவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டினால் மாத்திரையின் வேலை கெடும். கீரையில் உள்ள வைட்டமின் 'கே' அதற்குக் காரணம்.

சர்க்கரை நோயாளிகள் பழத்தை அரைத்துக் குடிப்பதைவிடக் கடித்து உண்பதே மேல். அவர்களுக்கு ஒரு கொய்யாவும் ஒரு கிண்ணம் கீரைப் பொரியலும் இதே பயனைத் தரும். கருவுற்ற சகோதரிகள் இதனை அருந்தலாம். ஆனால் கீரையைக் கழுவிக் கொதி காட்டுவதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். மருத்துவர் கொடுத்த மாத்திரைகளை நிறுத்தவும் கூடாது.

நோன்பு மாதத்தில்

இந்தப் பானத்தை மட்டும் சஹர் உணவாகக் கொள்ளாதீர்கள், சீக்கிரம் செரித்துவிடும். சோற்றுக்கோ ரொட்டிக்கோ துணையாக வைத்துக்கொள்ளலாம். நோன்பு திறந்த உடனேயும் வேண்டாம். பேரீச்சம்பழமும் கஞ்சியும் முடிந்து, மஃரிபு தொழுது, சற்று ஆறிய பிறகு ஒரு குவளை அருந்தலாம். அம்மாதத்தில் நம் தட்டில் எண்ணெய்ப் பலகாரம் கூடி, கீரை காணாமற்போகிறது. அதனைத் திரும்பக் கொண்டுவர இது ஒரு வழி.

மூன்று மாதம் கழித்து

மீண்டும் இரத்தம் சோதித்தபோது மகளுக்கு 11.7, எனக்கு 11.4. முழுதாக எட்டவில்லை, மாத்திரையைத் தொடரச் சொன்னார் மருத்துவர். இந்த உயர்வில் பெரும்பங்கு மாத்திரைக்குரியது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மகள் இப்போது மூன்றாம் மாடிக்கு நிற்காமல் ஏறுகிறாள். ஊறவைத்த அரிசி ஊறவைத்த அளவிலேயே இருக்கிறது.

இன்னொரு மாற்றமும் நடந்தது. தொடக்கத்தில் நாங்கள் இருவர் மட்டும் சமையற்கட்டில் நின்று குடித்தோம். பின்னர் இளைய மகன் வாழைப்பழம் உரித்துத் தரத் தொடங்கினான். அடுத்து அவனுக்கும் ஒரு குவளை. ஒரு நாள் காலையில் எனக்குக் காய்ச்சல். படுத்துக் கிடந்தேன். மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் பிள்ளைகளின் வாப்பா ஒரு குவளையைக் கொண்டுவந்து நீட்டினார். கீரை சரியாக மசியவில்லை, உப்பும் அதிகம். ஆயினும், திருமணமாகி இத்தனை ஆண்டுகளில் எனக்கு முன்னே பசியாறாமல் அவர் காத்திருந்தது அன்றுதான்.

சகோதரிகளே! உங்கள் வீட்டுப் பெண்பிள்ளை நாளை காலை எதைக் குடித்துவிட்டுப் புறப்படுவாள் என்பது, இன்று காலை நீங்கள் எதைக் குடித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. இன்று மாலை ஒரு கட்டுக் கீரை வாங்கி ஆய்ந்து வையுங்கள். நாளை ஏழு மணிக்கு அடுப்பைத் தணித்துவிட்டு, ஐந்தே நிமிடம் உங்களுக்கென்று ஒதுக்குங்கள். இடியாப்பம் சற்றுக் காத்திருக்கட்டும், தவறில்லை.